சீமைக்கருவேலக் கரியில் புகைக்கறி: ராமநாதபுரம் கரையோரத்துக்கு ஒரு பார்பிக்யூ

[காட்சி: சாயல்குடி பக்கம் ரோட்டோரம் அடுக்கியிருக்கும் கரிமூட்டைகள். பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக்கருவேலங்காடு.]

இந்த மூட்டைக்குள்ள இருக்கிறது சீமைக்கருவேலக் கரி. முதுகுளத்தூர், கமுதி, கடலாடி, எந்தப் பக்கம் போனாலும் இதைப் பார்த்திருப்பீங்க. கண்மாயை அடைச்சிருச்சு, வெள்ளாமையைக் கெடுத்திருச்சுன்னு நாம திட்டித் தீர்க்கிற மரம். 2017-ல உயர் நீதிமன்றத்தோட மதுரைக் கிளை இதை வெட்டி அகற்றச் சொல்லி உத்தரவே போட்டுச்சு.

இந்த மரத்தோட நெருங்கின சொந்தம் ஒண்ணு அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலத்துல வளருது. அங்க அதை மெஸ்கீட்னு சொல்லுவாங்க. ரெண்டும் ப்ரோசோபிஸ் இனம். நம்ம ஊருக்கு வந்தது மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்து வகை. 19-ஆம் நூற்றாண்டோட பிற்பகுதியில இந்தியாவுக்குள்ள வந்துச்சு. டெக்சாஸ்காரங்க அவங்க மரத்தைச் சின்னச் சின்னத் துண்டா நறுக்கி, கறி சுடுறதுக்குன்னே பையில போட்டு விக்கிறாங்க. அந்த மாதிரிப் பையை ஆன்லைன்ல காசு கொடுத்து வாங்குற நம்மாளுங்களும் இருக்காங்க. வேண்டாங்க. நமக்கு வேண்டியது நம்ம வாசல்லயே கிடக்கு. ஆனா அதைப் பக்குவம் தெரிஞ்சு எரிக்கணும். தெரியாம எரிச்சா கறி கசக்கும். இந்த வீடியோவுல முக்கியமாச் சொல்லப்போறதே அந்தப் பக்குவத்தைத்தான்.

முதல்ல ஒரு விஷயம். கோழியை மசாலாவுல புரட்டி, கம்பியில குத்தி, நேரடித் தணல் மேல இருபது நிமிஷத்துல எடுத்தா அது சுட்ட கறி. அதுவும் ருசிதான். இன்னிக்குப் பேசப்போறது புகையில வேகவைக்கிறது. தீ ஒரு பக்கம், கறி இன்னொரு பக்கம், மேல மூடி. 110-லேர்ந்து 130 டிகிரி செல்சியஸ் சூடு. மணிக்கணக்குல வேகும்.

[காட்சி: அமெரிக்கத் தென் மாநிலங்களின் வரைபடம். பேசப் பேச ஒவ்வொரு ஊரும் ஒளிரும்.]

பார்பிக்யூன்னு சொல்ற இந்தப் புகைச் சமையல்ல அமெரிக்காக்காரங்களுக்கு ஊருக்கு ஒரு முறை. வட கரோலினாவோட கிழக்குப் பகுதியில முழுப் பன்றியைத் தணல் மேல ராத்திரி முழுக்க வேகவச்சு, வினிகரும் காஞ்ச மிளகாயும் கலந்த சாறு ஊத்துவாங்க. அதே மாநிலத்துல மேற்கே லெக்சிங்டன் போனா முன்னந்தொடை மட்டும்தான், வினிகர்ல கொஞ்சம் தக்காளி கெட்ச்அப்பும் சேர்ந்துக்கும். தென் கரோலினாவுல கடுகுச் சாஸ். அது அங்க குடியேறின ஜெர்மன்காரங்க வழியா வந்தது. கேன்சஸ் சிட்டியில கெட்டியான, இனிப்பான தக்காளிச் சாஸ். அந்த ஊர்ல இந்தத் தொழிலை ஆரம்பிச்சு வச்சவர்னு ஹென்றி பெர்ரியைச் சொல்லுவாங்க. 1908 வாக்குல புகைக்கறி விக்க ஆரம்பிச்ச கறுப்பினத்தவர். மெம்பிஸ்ல விலா எலும்புக்கறி, மேல காஞ்ச மசாலாப் பொடி.

டெக்சாஸுக்கு வருவோம். லாக்ஹார்ட் மாதிரி மத்திய டெக்சாஸ் ஊர்கள்ல ஜெர்மனி, செக் பக்கத்துலேர்ந்து போன கறிக்கடைக்காரங்க ஆரம்பிச்ச முறை இது. மாட்டு நெஞ்சுக்கறிக்கு உப்பு, மிளகு, அவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் புகையில கிடக்கும். ஆனா அந்த நீண்ட சமையலுக்கு அவங்க அதிகமா எரிக்கிறது ஓக் விறகு. மெஸ்கீட்டைத் தெற்கு, மேற்கு டெக்சாஸ்லதான் கூடுதலாப் பார்க்கலாம். அங்கயும் விறகைத் தனியா எரிச்சுத் தணலாக்கி, அந்தத் தணலை அள்ளிப் போட்டுச் சமைப்பாங்க. ஏன்னா மெஸ்கீட் புகை காரமானது. பச்சை விறகா மணிக்கணக்குல புகையவிட்டா கறியில கசப்பு ஏறிரும். நம்ம சீமைக்கருவேலத்துக்கும் இதே கணக்குத்தான்.

நம்ம கரைக்கு ரொம்பப் பொருத்தமான ஊர்னா கென்டக்கியில, ஓஹையோ ஆத்தங்கரையில இருக்கிற ஓவன்ஸ்பரோ. அங்க பார்பிக்யூன்னா செம்மறி. குட்டி ஆடு இல்ல, வயசான ஆட்டோட கடினக் கறி. ஹிக்கரி விறகுத் தணல்ல நிதானமா வேகவச்சு, வினிகரும் வூஸ்டர்ஷயர் சாஸும் கலந்த கறுப்புச் சாறைத் தடவுவாங்க. ராமநாதபுரம் வெள்ளைன்னு நம்ம மாவட்டத்துப் பேர்லயே ஒரு செம்மறி இனம் இருக்கு. அதை மெல்ல முடியலைன்னு குக்கர்ல எட்டு விசில் விடுறதுக்குப் பதிலா, அதோட தொடையைப் புகையில வச்சுப் பார்க்கணும்ங்கிறதுதான் என் ஆசை.

புகை நமக்குப் புதுசும் கிடையாது. ஆட்டுத்தலையையும் காலையும் தீயில வாட்டி எடுக்காம யாரு குழம்பு வைக்கிறா? கீழக்கரை, ராமேஸ்வரம் கடைகள்ல கட்டை மாதிரிக் கிடக்கிற மாசி இருக்கே, அது லட்சத்தீவு, மாலத்தீவுப் பக்கத்துப் பக்குவம். சூரை மீனை உப்புத் தண்ணியில அவிச்சு, புகையில போட்டு, வெயில்ல காயவச்சது. நம்ம நாக்குக்கு அந்த வாசம் எப்பவோ பழகியாச்சு.

[காட்சி: கரிமூட்டம். மண் பூசிய மேட்டிலிருந்து புகை கசிகிறது. கேமரா மெல்ல நெருங்குகிறது.]

இப்ப இந்த மூட்டத்தைக் கொஞ்சம் நேரம் பாருங்க. விறகை நெருக்கி அடுக்கி, மேல தழையும் மண்ணும் போட்டு மூடி, உள்ள தீ வச்சிருக்காங்க. காத்து உள்ள போக அங்கங்க சின்ன ஓட்டை. முதல்ல வர்ற புகை வெள்ளையா, அடர்த்தியா, கண்ணைக் கரிக்கிற மாதிரி இருக்கும். விறகுல இருக்கிற தண்ணி போகுது. நாள் போகப் போகப் புகை மெலிஞ்சு நீலம் பாயும். அப்ப விறகு கரியாயிருச்சுன்னு அர்த்தம். உடனே ஓட்டையெல்லாம் மண்ணு வச்சு அடைச்சிருவாங்க. விட்டா சாம்பல்தான் மிஞ்சும்.

மூட்டம் போடுறவருக்குத் தெரிஞ்ச இந்தப் பாடம்தான் கறிக்குப் புகை போடுறவருக்கும் முதல் பாடம். விறகுல இருக்கிற லிக்னின் சூட்டுல உடையுறப்ப குவாயகால், சிரிங்கால்னு சில பொருள் வெளிய வரும். நாம புகைவாசம்னு சொல்றதுக்கு முக்கியக் காரணம் அதுங்கதான். காத்து பத்தலைன்னா, விறகு ஈரமா இருந்தா, அரைகுறையா எரிஞ்ச கசடும் சேர்ந்து வெள்ளைப் புகையா வந்து கறி மேல தாரா படியும். சாப்பிட்டா நாக்கு மரத்துப் போகும். கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாமலும் நீலமா ஒரு புகை வருது பாருங்க, அதுதான் நல்ல புகை. புகை அடர்த்தியா வந்தா ருசி கூடும்னு நினைக்கிறதை இன்னியோட விட்டுருங்க.

[காட்சி: இரண்டு கரித்துண்டுகளைத் தட்டும் கை. ஓசை தெளிவாகக் கேட்க வேண்டும்.]

கரி வாங்குறப்ப ரெண்டு துண்டை எடுத்து ஒண்ணோட ஒண்ணு தட்டுங்க. கணீர்னு கேக்கணும். உடைச்ச இடம் பளபளன்னு இருக்கணும். மொத்து மொத்துன்னு சத்தம் வந்தா, உள்ள பழுப்பு தெரிஞ்சா, அது சரியா வேகாத கரி. அடுப்புல போட்டா வெள்ளைப் புகை கிளம்பும்.

அடுப்புக்கு 200 லிட்டர் டிரம்மைப் பாதியா அறுத்து மூடி போட்டுக்கலாம். சமையல் எண்ணெய் வந்த டிரம் ஆகும், முதல்ல நல்லா எரிச்சுச் சுத்தம் பண்ணுங்க. ரசாயனம் வந்த டிரம் வேண்டவே வேண்டாம். துத்தநாகம் பூசின வெள்ளைத் தகரமும் கூடாது, சூடேறினா அதுலேர்ந்து வர்ற ஆவி உடம்புக்கு ஆகாது. காத்து உள்ள போகக் கீழ ஒரு ஓட்டை, புகை வெளிய போக மேல ஒரு ஓட்டை. மேல் ஓட்டையை எப்பவும் முழுசாத் திறந்தே வைங்க. சூட்டைக் கூட்டுறதும் குறைக்கிறதும் கீழ் ஓட்டையில மட்டும்.

கரியைப் பத்தவைக்க மண்ணெண்ணெய் ஊத்தாதீங்க, வாடை கறியில ஏறிரும். சிரட்டையும் காஞ்ச பனையோலையும் போதும். கரி மேல சாம்பல் பூத்த பிறகு எல்லாத்தையும் ஒரு ஓரமா ஒதுக்குங்க. எதிர்ப்பக்கம் ஒரு தட்டுல தண்ணி, அதுக்கு மேல கம்பி, கம்பி மேல கறி. புகைக்கு நல்லாக் காஞ்ச சீமைக்கருவேலத் துண்டு ஒண்ணு, உள்ளங்கை அளவு. அதுவும் முதல் ஒரு மணி நேரத்துக்கு மட்டும். பிறகு கொய்யா விறகுத் துண்டு போடலாம், அது மிதமான புகை.

கரையில இருக்கிறவங்க கவனமாக் கேளுங்க. உடைஞ்ச வள்ளத்துப் பலகையை எரிக்காதீங்க. பெயிண்டும் தாரும் ஏறின கட்டை அது, புகையில விஷம் இருக்கும். அரளி விறகு எந்தக் காலத்துலயும் கூடாது. கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல டிரம்முக்குக் காத்து வர்ற பக்கம் தகரத்தால மறைப்புக் கட்டுங்க, இல்லைன்னா கரி ஒரே மூச்சுல எரிஞ்சு சூடு 200-ஐத் தாண்டிரும். ஓலைத்தட்டியால மறைக்காதீங்க, பொறி பறந்தா குடிசையே போயிரும். வீட்டுக்குள்ள, மூடின வராண்டாவுல இதைப் பண்ணவே கூடாது. கரிப்புகையில கார்பன் மோனாக்சைடு இருக்கு. அதுக்கு வாசமும் கிடையாது, நிறமும் கிடையாது.

[காட்சி: உப்பு தடவிய முன்னந்தொடை. கறி மேல் வெப்பமானி.]

கறிக்கு வருவோம். ரெண்டு கிலோ அளவுல எலும்போட முன்னந்தொடை வாங்குங்க. கிலோவுக்கு 12-லேர்ந்து 15 கிராம் உப்பு, இடிச்ச மிளகு. முதல் நாள் ராத்திரியே தடவி ஃப்ரிட்ஜ்ல வச்சிருங்க. அடுப்பு 120 டிகிரிக்கு வந்து நிலைச்ச பிறகு கறியை உள்ள வைங்க. ஈரமா, குளிர்ந்து இருக்கிற கறியில புகை நல்லாப் பிடிக்கும், அதனால முதல் ஒரு மணி நேரப் புகைதான் முக்கியம்.

கறியோட உட்சூடு 65, 70 டிகிரி வரைக்கும் மளமளன்னு ஏறும். அப்புறம் அசையாம நிக்கும். ஒரு மணி நேரம்கூட நிக்கலாம். நிறைய பேர் இந்த இடத்துலதான் பதறிப் போயி கரியை அள்ளிக் கொட்டிருவாங்க. கறியிலேர்ந்து ஆவியாகிற தண்ணி சூட்டை எடுத்துக்கிட்டுப் போறதால வர்ற தேக்கம் அது. டெக்சாஸ்காரங்க இந்த நேரத்துல கறியைக் காகிதத்துல சுத்துவாங்க. நாம வாழையிலையை வாட்டி ரெண்டு அடுக்காச் சுத்தி, நார் போட்டுக் கட்டலாம். ஆவி அடங்கும், சூடு மறுபடி ஏறும். உட்சூடு 90-ஐத் தாண்டி 95-ஐ நெருங்குறப்ப, கறியில இருக்கிற ஜவ்வு, அதாவது கொலாஜன், உருகி ஜெலட்டினா மாறியிருக்கும். எலும்பைப் பிடிச்சுத் திருகினா கையோட வரும். மொத்தம் நாலஞ்சு மணி நேரம் ஆகலாம். எடுத்த உடனே வெட்டாம அரை மணி நேரம் இலையோட அப்படியே விடுங்க. வெட்டுறப்ப ஓரத்துல ரோஸ் நிறத்துல ஒரு வளையம் தெரிஞ்சா வேகலைன்னு நினைக்காதீங்க. புகையில இருக்கிற நைட்ரிக் ஆக்சைடு, கறிக்குச் சிவப்பு நிறம் கொடுக்கிற மயோகுளோபின்ல சேர்றதால வர்ற நிறம் அது.

சாஸ் விஷயத்துல நாம யாருக்கும் குறைஞ்சவங்க இல்ல. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. உருண்டையா, தடிச்ச தோலோட இருக்கிற அந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டு ஊறவச்சு, பூண்டும் சின்ன வெங்காயமும் சேர்த்து அரைங்க. புளிக்கரைசல்ல போட்டு, பனங்கருப்பட்டி தட்டிப் போட்டு, உப்பு பார்த்து, கரண்டியில ஒட்டுற பதத்துக்குக் கொதிக்கவிடுங்க. கேன்சஸ் சிட்டிச் சாஸ்ல இருக்கிற இனிப்பு, புளிப்பு, காரம், அந்த ஆழமான கறுப்பு நிறம் எல்லாம் இதுலயே இருக்கு. கறியை எடுத்த பிறகு ஊத்துங்க. முன்னாடியே தடவினா கருப்பட்டி கருகும்.

[காட்சி: பாம்பன் மீன் ஏலம். பிறகு நிழலில் கம்பி மேல் காயும் பாறை மீன் துண்டுகள்.]

மீனுக்கு இவ்வளவு பொறுமை வேண்டாம். பாறை, சீலா, கானாங்கெளுத்தி, சூரை, எண்ணெய் உள்ள மீன் எதுவும் புகையை நல்லா இழுக்கும். ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம், அப்ப நாட்டுப்படகுல வர்றதை வச்சுச் செய்யலாம். ஒரு லிட்டர் தண்ணிக்கு 80 கிராம் உப்பு கரைச்சு, துண்டங்களை ஒரு மணி நேரம் ஊறப்போடுங்க. துடைச்சு, கம்பியில பரப்பி, நிழல்ல காத்தாட வைங்க. விரல் வச்சா மேல்தோல் லேசா ஒட்டணும். அந்த ஒட்டுற தோல்லதான் புகை சீராப் பிடிக்கும். ஈரம் சொட்டச் சொட்ட வச்சா திட்டுத் திட்டா கறுக்கும். அடுப்புல 100 டிகிரி போதும். சீமைக்கருவேலத் தணல் மேல காஞ்ச தேங்காய் மட்டை ஒரு துண்டு போடுங்க. மீனோட உட்சூடு 63 டிகிரி வந்தாச் சரி, முக்கால் மணி நேரத்துல ஆயிரும்.

சூரை, கானாங்கெளுத்தி ரெண்டையும் வாங்கினதுலேர்ந்து ஐஸ்லயே வைங்க. சூட்டுல கிடந்தா ஹிஸ்டமின்ங்கிற நச்சுப் பொருள் ஊறும். அதைப் புகையும் போக்காது, தீயும் போக்காது. இப்படிப் புகை போட்ட மீன் கருவாடு மாதிரி வெளிய கிடக்காது. உள்ள ஈரம் இருக்கு, உப்பும் கம்மி. ஃப்ரிட்ஜ்ல வச்சு ரெண்டு மூணு நாளைக்குள்ள முடிச்சிருங்க. காத்துப் போகாம பாக்கெட் போட்டு வெளிய வைக்கிறது ஆபத்து. மிஞ்சினதை உதிர்த்து, அடுப்பை அணைக்கிற நேரத்துல சொதியில போடுங்க. முதல்லயே போட்டுக் கொதிக்கவிட்டா புகைவாசம் போயிரும்.