ரோமியும் கொங்கணிதான்

(கோவாவின் வாஸ்கோ நகரில் தமிழர்கள் கூட்டம் ஒன்றில் பேசியது)

தலைவர் அவர்களே, இந்தப் புழுக்கத்திலும் எனக்குச் சால்வை போர்த்திய செயலாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, பூசை முடித்த கையோடு வந்திருக்கும் ஃபாதர் அவர்களே, மட்காவிலிருந்து வந்த நண்பர்களே, பின்னால் டீ ஆற்றிக்கொண்டிருக்கும் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் கோபிக்க வேண்டாம்.

கொங்கணியை ரோமன் எழுத்தில் எழுதுவதை ரோமி என்கிறார்கள், அதை அரசாங்கம் ஏற்க வேண்டுமா என்பதுதான் இங்கே சண்டை. அதைப் பற்றி மூன்று விஷயம் பேசப் போகிறேன். ரோமன் எழுத்து கொங்கணிக்கு எப்படி வந்தது, அதற்கு முன்னால் இருந்த கந்தவி எழுத்து என்ன ஆனது, நாம் இப்போது என்ன செய்யலாம்.

‘பசு கறுப்பென்று பாலும் கறுப்பா?’ மேடை கிடைத்தால் இதைச் சொல்லாமல் இறங்க மாட்டேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். இன்றைக்கும் சொல்லத்தான் போகிறேன்.

ரோமி என்பது மதம் மாற்ற வந்தவர்கள் திணித்த எழுத்து என்கிறது ஒரு கட்சி. நானூறு வருஷமாக ஜெபத்துக்கும் பாட்டுக்கும் கடுதாசிக்கும் புழங்குகிற எழுத்து எப்படி அந்நியமாகும் என்கிறது இன்னொரு கட்சி. முதல் கட்சியின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 1684இல் கோவாவை ஆண்ட போர்த்துகீசிய வைஸ்ராய், மூன்று வருஷத்துக்குள் கொங்கணியை விட்டுவிட்டுப் போர்த்துகீசியம் பேசப் பழகுங்கள் என்று உத்தரவே போட்டார். ஆனால் எழுத்து வந்த கதையில் அச்சுக்கூடத்துக்கும் பங்கு உண்டு. தாமஸ் ஸ்டீபன்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1608இல் எழுதிய கடிதத்தில் உள்ளூர் எழுத்திலேயே அச்சடிக்கத்தான் ஆசைப்படுகிறார். உயிர்மெய்யெல்லாம் சேர்த்து 600 அச்சு வார்க்க வேண்டும், ரோமனுக்கு 24 போதும், அதுதான் சிக்கல். அவருடைய கொங்கணி ஞானோபதேசம் 1622இல் கோவாவின் ராச்சோலில் ரோமனில் வெளிவந்தது, அவர் இறந்து மூன்று வருஷம் கழித்து.

நம் கதையும் அப்படித்தான். 1554இல் லிஸ்பனில் அச்சான முதல் தமிழ்ப் புத்தகமே ரோமன் எழுத்தில்தான் வந்தது. 1577இல் இதே கோவாவில் தமிழ் எழுத்து வார்த்தார்கள், மறுவருஷம் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்ற புத்தகம் தமிழ் எழுத்திலேயே வந்தது. நமக்கு வார்க்க ஆள் அமைந்தது. (கைதட்டல்)

சரி, ஒரு சம்பவம். பக்கத்து வீட்டு ஆண்ட்டி ஒருநாள் ஏதோ ஒரு அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தோடு வந்தார். இந்தி எழுதுகிற தேவநாகரி எழுத்தில் கொங்கணி. ஆண்ட்டிக்குத் தாய்மொழி கொங்கணி, தேவநாகரியில் ஒரு எழுத்து தெரியாது. எனக்கோ இந்திப் பிரச்சார சபாவில் மத்யமா வரை போன புண்ணியத்தில் எழுத்து தெரியும், ஆனால் மீன் விலை கேட்பதற்கு மேல் கொங்கணி வராது. வாசற்படியில் உட்கார்ந்து நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன், ஒரு மண்ணும் புரியவில்லை, ஆண்ட்டி தலையாட்டிக்கொண்டே கேட்கிறார். பாதியில் முகம் சிவந்து திட்ட ஆரம்பித்தார். என்னைத்தான் என்று பயந்து நிறுத்திவிட்டேன். ‘வாச், வாச்’ என்றார், படி படி என்று. முடிந்ததும் எனக்கே இந்தியில் விளக்கினார்: தண்ணீர் பாக்கி கட்டச் சொல்கிறார்கள், அவர் போன மாசமே கட்டிவிட்டார். (சிரிப்பு) ரசீதை இணைத்து ரோமியில் பதில் எழுதினார், முத்து முத்தான கையெழுத்து. இந்த எழுத்தில் வாங்க மாட்டோம் என்று கவுண்டரில் திருப்பிவிட்டார்கள். பசு கறுப்பாம்!

காரணம் 1987ஆம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டம். கொங்கணி என்றால் தேவநாகரியில் எழுதியது என்று அதில் வரையறுத்துவிட்டார்கள். மராத்திக்குக்கூட அதில் இடம் உண்டு, ரோமிக்கு இல்லை. 1889இல் பூனாவில் வந்த முதல் கொங்கணிப் பத்திரிகை ரோமியில் வந்தது. 1892இல் பம்பாயில் மேடையேறிய தியாத்ர் என்ற கொங்கணி நாடகம் இன்றைக்கும் ரோமியில்தான் எழுதப்படுகிறது. இரண்டு எழுத்தானால் மொழி பிளந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். அந்த ஆண்ட்டியை வெளியே நிறுத்தியிருக்கிறார்களே, அதற்குப் பெயர் என்ன?

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், கந்தவியை இன்னொரு கூட்டத்தில் வைத்துக்கொள்வோம். சட்டத்தில் ரோமியையும் சேர்க்கக் கோரும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. கோவாவில் ஓட்டு உள்ளவர்கள் முகவரியோடு கையெழுத்துப் போடுங்கள், தமிழில் போட்டாலும் சரி. பேனா செயலாளருடையது, மறக்காமல் வைத்துவிட்டுப் போங்கள்.