நேர்வழியில் போகும் நரம்பு

நேயர்களுக்கு வணக்கம். உடற்கூறியல் புத்தகத்தில் கழுத்து நரம்புகளுக்கு ஒரே ஒரு படம்தான் இருக்கும். அறுத்துப் பார்க்கும் மேசையில் அந்தப் படத்தோடு அப்படியே ஒத்துப்போகும் கழுத்து எளிதில் அகப்படுவதில்லை.

கழுத்துத் தண்டுவடத்தின் முதல் மூன்று நரம்புகளின் இழைகள், பெரிய ரத்தக்குழாய்களின் உறைமேல் ஒரு வளையமாகக் கூடும். ஆன்சா செர்விகாலிஸ் என்போம். குரல்வளையைக் கீழே இழுக்கும் தசைகள் இதன் பொறுப்பு. வளையத்தின் மேல்வேர் நாக்கை அசைக்கும் நரம்போடு ஒட்டி வந்து பிரிவதுதான் வழக்கம். சிலருக்கு, மூளையிலிருந்து கழுத்து வழியாக மார்புக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்போடு வந்து பிரியும். கீழ்வேர் கழுத்துச் சிரைக்கு வெளியேயும் போகும், உள்ளேயும் போகும். தசைக்கு வந்து சேர்ந்தால் சரி, வேலையில் குறையிருக்காது.

விவகாரமானது குரல்நாண்களை அசைக்கும் நரம்பு. வேகஸின் கிளை அது. குரல்வளைக்குப் போக வேண்டியது, இடப்பக்கம் மார்புக்குள் பெருந்தமனி வளைவையும், வலப்பக்கம் கைக்குப் போகும் தமனியையும் சுற்றிக்கொண்டு மேலே ஏறும். ஏன் இந்தச் சுற்றுவழி? கருவில் கழுத்து நீளுமுன் அந்தத் தமனிகளுக்கு அடியில் நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது. இதயம் மார்புக்குள் இறங்கியபோது தமனிகள் அதையும் இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டன.

நூற்றில் ஒருவருக்கும் குறைவாக, வலப்பக்கத் தமனி வளைவு கருவிலேயே மறைந்துபோகும். வலக்கைத் தமனி இடப்புறம் கிளம்பி, பெரும்பாலும் உணவுக்குழாய்க்குப் பின்னால் வந்து சேரும். இழுக்க ஆளில்லாத நரம்பு கழுத்திலேயே பிரிந்து நேரே குரல்வளைக்குப் போய்விடும். 1823-லேயே இது பதிவாகியிருக்கிறது. இடப்பக்கம் இப்படி அமைவது மிக மிக அரிது.

இப்படிப்பட்டவருக்குக் குரலில் ஒரு வித்தியாசமும் தெரியாது. தைராய்டு அறுவைச் சிகிச்சையில்தான் சங்கடம். கீழிருந்து ஏறும் நரம்பைத் தேடும் மருத்துவருக்கு அது கிடைக்காது. குறுக்கே வரும் வெள்ளை இழையை ரத்தக்குழாய் என்று நினைத்து வெட்டிவிட்டால் குரல் கம்மிப்போகும். முன்பே சிடி ஸ்கேன் எடுத்திருந்தால் இடம் மாறிய தமனியே காட்டிக்கொடுத்துவிடும். இல்லாவிட்டால் நரம்புத் தூண்டல் கருவி கைகொடுக்கும். கழுத்தில் வேகஸை மேலே தொட்டால் குரல்நாண் தசை அசைந்து, கீழே தொட்டால் அசையாவிட்டால், கிளை நடுவிலேயே பிரிந்துவிட்டது என்று கணக்கு.