பாக்குவெட்டி ஓய்ந்த நேரம்

நடுவர் அவர்களே, இரு அணியினரே, சபையோரே, அனைவருக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

ஆரம்பகால வானொலி மாலைகளில் மக்களைக் கட்டிப்போட்டது இசையா, உரையா? உரையே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஒரு போடு போட்டார். "வானொலியில் பாட்டு முடிந்து உரை தொடங்கிவிட்டால், ஊர்ச்சனம் வெற்றிலைச் செல்லத்தைத் தேடும். உரை என்பது வெற்றிலை போடும் நேரம்" என்றார். சபை சிரித்தது, கைதட்டியது. நண்பரே, நீங்கள் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் விட்டிருப்பேன். வெற்றிலையை இழுத்துவிட்டீர்கள். வெற்றிலை என்றால் எனக்கு என் அப்பாயி, அதாவது அப்பாவைப் பெற்ற பாட்டி, ஞாபகம் வந்துவிடும். இனி நான் இறங்கும் வரை அப்பாயிதான் பேசுவார்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மின்சாரம் வராத காலம். ஊருக்கே ஒரு ரேடியோ, மிராசுதார் வீட்டில். இரண்டு தென்னைமரத்துக்கு நடுவில் ஏரியல் கம்பி கட்டியிருக்கும். பேட்டரியில் ஓடுகிற செட். பேட்டரி தீர்ந்தால் மாட்டுவண்டியில் ஏற்றிக் கும்பகோணம் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றி வரவேண்டும். திருப்பினதும் பாடாது, உள்ளே வால்வு சூடாக வேண்டும். அதுவரை திண்ணையில் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். முதலில் ஒரு கரகரப்பு, அப்புறம் திருச்சி நிலையம். திருச்சியில் ஒலிபரப்பு தொடங்கியது 1939 மே மாதம். சென்னை நிலையம் அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1938 ஜூன் 16. அந்த 1938-இல் பிறந்தவர்தான் என் அப்பா. இந்தக் கதை முழுக்க அவர் சொல்லி நான் கேட்டது.

அப்பாயி கையில் எப்போதும் பாக்குவெட்டி இருக்கும். ரேடியோவில் நாகஸ்வரம் வாசித்தால் பாக்கு வெட்டுவார். வாய்ப்பாட்டு வந்தால் இன்னும் நன்றாக வெட்டுவார், தாளம் தப்பாமல் விழும். பாட்டு முடியும். "அடுத்து, டாக்டர் ஒருவர் உரையாற்றுவார்" என்று அறிவிப்பு வரும். அப்பாயி பாக்குவெட்டியை மடக்கி மடியில் வைத்துவிடுவார். ஏன்? பாட்டில் ஓர் அடி தவறினால் அடுத்த அடி வரும், பாடுகிறவரே அதே அடியைத் திரும்பப் பாடுவார். பேச்சில் ஒரு வார்த்தை போனால் போனதுதான். ஒரு பாக்கு உடைகிற சத்தத்தில் ஒரு வார்த்தை போய்விடும் என்று பள்ளிக்கூடமே போகாத அந்த மனுஷிக்குத் தெரிந்திருந்தது. ஆக நண்பரே, எங்கள் ஊரில் வெற்றிலை போட்ட நேரம் உங்கள் இசை நேரம். உரை நேரத்தில் வாய் ஓய்ந்து காது மட்டும் வேலை செய்தது.

கதை இன்னும் முடியவில்லை. ஒரு நாள் அந்த டாக்டர் வாந்திபேதியைப் பற்றிப் பேசினார். அப்பாவுக்கு எட்டு வயது, 1946. குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுக் குடியுங்கள் என்றார். அப்பாயி திண்ணையிலிருந்து எழுந்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டார். பெட்டியைப் பார்த்து, "ஐயா, எவ்வளவு நேரம் கொதிக்கணும்?" என்று கேட்டார்.

திண்ணை முழுக்கச் சிரிப்பு. "ஏ ஆத்தா, அவர் திருச்சியில இருக்காரு, உனக்கு எங்க பதில் சொல்லப்போறாரு" என்று மிராசுதாரே சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பெட்டியிலிருந்து குரல் வந்தது: "திரும்பவும் சொல்கிறேன், நன்றாகத் தளதளவென்று கொதிக்க வேண்டும்."

திண்ணையில் ஒருத்தர் வாயும் திறக்கவில்லை. அப்பாயி, "சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

இது அப்பா சொன்ன கணக்கு. என் அத்தை சொல்லும்போது, டாக்டர் "திரும்பவும் சொல்கிறேன் அம்மா" என்றார். "அம்மா" சேர்ந்துவிட்டது. சின்னத் தாத்தா சொல்லும்போது இன்னும் ஒரு படி மேலே: டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கும்பகோணம் பக்கமிருந்து கேட்கும் அம்மாவுக்குச் சொல்கிறேன்" என்றாராம். மூன்றில் எது உண்மை என்று நான் தீர்ப்பு சொல்லமாட்டேன். தீர்ப்பு சொல்ல நடுவர் இருக்கிறார். எனக்கு வேண்டியது ஒன்றுதான். மூன்று கணக்கிலும் அப்பாயி கேட்டார், பெட்டி பதில் சொன்னது. எந்தக் கச்சேரியைப் பார்த்தாவது யாராவது கேள்வி கேட்டிருக்கிறார்களா?

இன்னொன்றும் சொல்லவேண்டும். அப்பாயி அந்தக் கேள்வியை விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நான் பார்த்திராத ஓர் அத்தையை, மூன்று வயதில், வாந்திபேதிக்குக் கொடுத்தவர் அவர். அன்றிலிருந்து கண்மூடுகிற வரைக்கும் எங்கள் வீட்டு அடுப்பில் தண்ணீர்த் தவலை இறங்கவில்லை.

சரி, எதிரணியின் மற்ற வாதங்களுக்கும் வருகிறேன். சென்னைக் கடற்கரை ஒலிபெருக்கியைச் சொன்னீர்கள். 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியில் சென்னை மாகாண ரேடியோ கிளப் தொடங்கியது, பணமில்லாமல் 1927-இல் நின்றது, 1930-இல் மாநகராட்சி அந்த ஒலிபரப்பை ஏற்று நடத்தியது, கடற்கரையில் ஜனங்கள் கூடி நின்று பாட்டுக் கேட்டார்கள். எல்லாம் உண்மை. காற்று வாங்க வந்தவர்களுக்குப் பாட்டு இதம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாட்டு அதற்கு முன்பே கிராமபோன் தட்டில் வீட்டுக்கு வந்துவிட்டது. ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான், இருந்தாலும் வந்துவிட்டது. எங்கேயோ இருக்கிற ஒரு மனிதர் இந்த நிமிஷம் என்ன சொல்கிறார் என்பதை வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்தது வானொலிதானே?

பேச்சு சோறு போடுமா என்றும் கேட்டீர்கள். போட்டது. 1960-களில் ஆடுதுறை 27 என்ற நெல் வந்தபோது, திருச்சி வானொலி விவசாயிகளுக்கு அதைப் பற்றிப் பேசிப் பேசியே தஞ்சை டெல்டா முழுக்க நடவைத்தது. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் ரேடியோ நெல். என் அப்பா நட்டார். அந்தச் சோற்றைச் சாப்பிட்டு வளர்ந்த தெம்பில்தான் இங்கே நின்று பேசிக்கொண்டிருக்கிறேன்.

நடுவர் மணியைத் தொடுகிறார். இரண்டே நிமிடம் ஐயா.

1947 நவம்பர் 12. காந்தியடிகள் தில்லி வானொலி நிலையத்துக்குப் போனார். வாழ்நாளில் அவர் அங்கே போனது அந்த ஒரே முறைதான். குருக்ஷேத்திரத்தில் முகாமில் கிடந்த அகதிகளைப் பார்க்கப் போக முடியவில்லை. அதனால் குரலை அனுப்பினார். வீடு வாசல் இழந்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு அன்றைக்கு வந்து சேர்ந்தது பேச்சு.

அதற்கப்புறம் மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1948 ஜனவரி 30.

மிராசுதார் வீட்டுத் திண்ணையில் அன்றைக்கு இடமில்லை, தெருவரைக்கும் ஜனம். பேட்டரி தேய்ந்து, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மெலிந்து கேட்டதாம். நேரு பேசினார். நம் வாழ்விலிருந்து ஒளி போய்விட்டது என்று சொன்ன அந்தப் பேச்சு, ஆங்கிலத்தில். திண்ணையில் ஆங்கிலம் புரிந்தவர் மிராசுதார் மகன் ஒருவர்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டுவிட்டார், யாருக்கும் சொல்லவில்லை. அப்பாயிக்கு ஒரு வார்த்தை புரியாது. பாக்குவெட்டியை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பேசுகிறவர் குரல் தழுதழுத்தது. நடுவில் நின்றது. மறுபடி வந்தது.

அப்பாயி எழுந்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டார். என் அப்பாவுக்கு அப்போது பத்து வயது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனாராம். அப்பாயி பெட்டிக்குப் பக்கத்தில் போய், அதன் மேல் கையை வைத்தார். டாக்டரை ஐயா என்று கூப்பிட்டவர், நாட்டின் பிரதம மந்திரியிடம் சொன்னார்: "அழாதப்பா."

திண்ணையில் அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை என்றார் அப்பா.

வணக்கம்.