தராசை மறந்த எதிரணி

நடுவர் அவர்களே, சேலத்துப் பெருமக்களே! 'தொழிலாளியின் வேலைத்திறனை வளர்ப்பது ஊக்கத்தொகையா, கட்டுப்பாடா?' என்று தலைப்புக் கொடுத்து, என்னைக் கட்டுப்பாட்டின் பக்கம் உட்கார வைத்துவிட்டீர்கள். எதிரணி அம்மையார் 'பணம்' என்று சொன்னபோதெல்லாம் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். போனஸ் வேண்டாம் என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

ஆனால் கட்டுப்பாடு என்றதும், முதுகுக்குப் பின்னால் நின்று அதட்டும் மேஸ்திரியை மட்டுமே அவர் காட்டினார். வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் நிறைந்த செவ்வாய்பேட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தராசை மறக்கலாமா? கொலுசுப் பட்டறைக்கு வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார்கள், கணக்குச் சிட்டையில் எழுதுகிறார்கள். கொலுசாகத் திரும்பும்போது மறுபடியும் எடை. வெட்டிய துண்டும் அராவிய தூளும்கூடத் தராசில் ஏறும். பேசிய சேதாரத்துக்கு மேல் குறைந்தால் கேள்வி வரும். கூலி கிலோ கணக்கில்.

இதில் கூலியை மட்டும் வைத்துக்கொண்டு, டச் பார்க்கும், அதாவது வெள்ளியின் தரத்தைச் சோதிக்கும், வழக்கத்தை எடுத்துவிடுங்கள். பற்றவைக்கும் கலப்பு உலோகத்தைத் தாராளமாக வைத்தால் எடை கூடும், கூலியும் கூடும், வெள்ளியின் தரம் இறங்கும். இங்கே யாரும் அப்படிச் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. மேடையை விட்டு இறங்கி நான் பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டும்! அந்தச் சிட்டை தொழிலாளிக்கும் காவல்தான். 'வெள்ளி குறைகிறது' என்று வாய்க்கு வந்தபடி அவர்மீது பழி போட முடியாது.

தீபாவளி போனஸைப் பற்றி அம்மையார் உருகினார். சட்டப்படி போனஸின் குறைந்தபட்ச அளவு 8.33 விழுக்காடு. சட்டம் கணக்கில் எடுக்கும் ஆண்டுச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. லாபம் இல்லாத ஆண்டிலும் தர வேண்டும். ஓடியாடி உழைத்தவருக்கும் ஒப்புக்கு வந்து போனவருக்கும் அதே விழுக்காடு. நியாயமான உரிமை, மறுக்கவில்லை. அதை ஊக்கத்தொகைக் கணக்கில் எழுதாதீர்கள்.

அடுத்து, வெல்டிங் கருவிகள் செய்யும் அமெரிக்காவின் லிங்கன் எலெக்ட்ரிக் நிறுவனத்தை இழுத்தார். 1934 முதல் போனஸ் கொடுத்தார்கள், உண்மை. மீதியை ஏன் விழுங்கினார்? செய்த உருப்படிக்குத்தான் அங்கே கூலி. பழுது வந்தால் செய்தவரே தன் சொந்த நேரத்தில் சரிசெய்ய வேண்டும். உற்பத்தி, தரம், நம்பகம், ஒத்துழைப்பு என்று ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் போட்ட பிறகுதான் போனஸ். மதிப்பெண் போடுவது யார் கட்சி, நடுவர் அவர்களே? எங்கள் சாட்சியை அவர்களே கூட்டிவந்துவிட்டார்கள்.

டொயோட்டா தொழிற்சாலையில் குறை கண்ட தொழிலாளி ஒரு கயிற்றை இழுக்கலாம்; உடனே சரியாகாவிட்டால் வரிசையே நின்றுவிடும். எண்ணிக்கைக்கு மட்டும் காசு என்றால் அந்தக் கயிற்றை எவர் தொடுவார்? அவ்வளவு தூரம் போக வேண்டாம். விசைத்தறியில் புடவைக்கு இத்தனை ரூபாய் என்று கூலி பேசியிருக்கிறது. இழை அறுந்ததைக் கண்டு தறியை நிறுத்துகிறார் ஒருவர். அந்த ஐந்து நிமிடத்துக்குக் காசு கொடுப்பது யார்? அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.