மஞ்சள் கடுதாசியும் பத்து நாள் கெடுவும்

நேயர்களுக்கு வணக்கம்.

நம்ம வடாற்காட்டுப் பக்கம் ஒருத்தர் தொழிலில் நொடித்துப்போனால், "மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டாரு" என்பார்கள். கோர்ட்டுப் பழக்கம் உள்ளவர்கள் "ஐ.பி. போட்டுட்டாரு" என்பார்கள். 1920-ஆம் வருஷத்து மாகாண நொடிப்புச் சட்டத்தின் கீழ், "என்னால் கடனைக் கட்ட முடியாது" என்று கை விரிக்கிற மனு அது. தனி ஆட்களுக்கும் கூட்டு வியாபாரத்துக்கும் பொதுவாக இன்றைக்கும் அந்தச் சட்டம்தான். ஆனால் பிரைவேட் லிமிடெட் என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்ட கம்பெனிக்கு அது பொருந்தாது. கம்பெனிக்கு 2016-இல் வந்த திவால் சட்டம் தனி. வழக்கு நடப்பதும் சத்துவாச்சாரி கோர்ட்டில் அல்ல; சென்னையில் இருக்கிற தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில்.

சில வருஷங்களுக்கு முன்னால் விஷாரம் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் டேனரிக்காரர் ஒருவர் என் வக்கீல் ஆபீசுக்கு வந்தார். பெயர் வேண்டாம், பாய் என்றே சொல்கிறேன். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் மின்கட்டண ரசீது, சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கட்டிய சந்தா ரசீது, பேங்க் கடிதங்கள், எல்லாவற்றுக்கும் அடியில் பிரிக்காத ஒரு பதிவுத் தபால். கெமிக்கல் சப்ளையர் ஒருவரின் வக்கீல் அனுப்பியது. பாக்கி ஒரு கோடியே சொச்சம்.

"வக்கீல் சார், பிரிச்சாத்தானே வந்ததா ஆகும்?" என்று கேட்டார்.

"கையெழுத்துப் போட்டு வாங்கின அன்னைக்கே வந்தாச்சு பாய்."

நோட்டீஸ் கைக்கு வந்து அன்றைக்கு எட்டாவது நாள். சரக்கோ வேலையோ கொடுத்துவிட்டுப் பணம் வராதவர், கம்பெனி மேல் திவால் மனு போடுவதற்கு முன் இப்படி ஒரு கோரிக்கை நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். கைக்கு வந்த பத்து நாளுக்குள் கம்பெனி பதில் சொல்ல வேண்டும். ஒன்று, பணம் கட்டிய அத்தாட்சி. இல்லையென்றால், இந்தப் பாக்கியில் ஏற்கெனவே தகராறு இருக்கிறது என்பதற்கான ஆதாரம். பதில் போடாததாலேயே வழக்குத் தோற்றுவிடாது. ஆனால் நோட்டீசுக்கு வாய் திறக்காதவர் பின்னால் வந்து "சரக்கு மட்டம்" என்றால், நீதிபதி ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையை நான் நிறையத் தடவை பார்த்திருக்கிறேன்.

முதலில் இந்தச் சட்டத்தில் ஒரு லட்ச ரூபாய் பாக்கிக்கே கம்பெனியை இழுக்கலாம் என்றிருந்தது. 2020 மார்ச்சில், கொரோனா சமயத்தில், அதை ஒரு கோடியாக ஏற்றினார்கள். சின்ன யூனிட்டுகள் கொஞ்சம் மூச்சுவிட்டன. பாய் அந்தக் கோட்டுக்கு மேலே போய்விட்டார்.

"அந்த ஆள் சரக்கு எப்படி?" என்று கேட்டேன். அதுவரை தலை குனிந்திருந்தவர் நிமிர்ந்தார். கொடுத்த சாயத்தில் ஷேடு மாறி, ஆம்பூர் ஷூ கம்பெனி ஒரு லோடு தோலைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. இவர் அந்தத் தோலைப் படம் எடுத்து, சப்ளையருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, உருதுவும் தமிழும் கலந்து நாலு வரி திட்டியிருக்கிறார். நோட்டீசுக்கு ஏழு மாதம் முன்னால். திட்டு அங்கங்கே அச்சேறாத ரகம். ஆனால் தேதி இருந்தது, நிறம் மாறிய தோலின் படம் இருந்தது. மொபிலாக்ஸ் வழக்கில் 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான்: தகராறு ஜெயிக்குமா தோற்குமா என்று தீர்ப்பாயம் தராசில் நிறுக்க வேண்டியதில்லை. அது ஜோடித்த தகராறாக இல்லாமல் நிஜமாக இருந்து, நோட்டீசுக்கு முந்தியதாகவும் இருந்தால், திவால் மனு நிற்காது. பத்தாவது நாள் மதியம் பதில் போயிற்று. மனு தள்ளுபடி ஆனது. சப்ளையர் பணத்துக்கு சிவில் கோர்ட்டுக்குப் போனார், அது வேறு கதை.

பேங்க் மனு போட்டால் இந்தத் தப்பிக்கும் வழி கிடையாது. அங்கே கேள்வி ஒன்றுதான்: கடன் இருக்கிறதா, தவணை தவறியிருக்கிறதா? இதில் நம்ம ஆட்கள் செய்கிற ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். கடனுக்கு வழக்குப் போடுவதற்கான காலாவதிக் கெடு நெருங்குகிற நேரத்தில், வக்கீலைக் கேட்காமல், "ஓ.டி.எஸ். கொடுங்கள், ஒரே தொகையாக இவ்வளவு கட்டித் தீர்த்துவிடுகிறோம்" என்று மேனேஜருக்குக் கடிதம் எழுதிவிடுவார்கள். அந்தக் கடிதமே கடனை ஒப்புக்கொண்டதாகி, கெடு புதிதாக ஓட ஆரம்பித்துவிடலாம். ஒரே தொகையில் தீர்க்கக் கேட்பது தப்பில்லை. எப்போது, எந்த வாசகத்தில் கேட்பது என்பதற்குத்தான் வக்கீல்.

சரி, மனு அனுமதிக்கப்பட்டுவிட்டது என்று வையுங்கள். அன்றையிலிருந்து டைரக்டர்களின் அதிகாரம் நிறுத்தப்படும். தீர்ப்பாயம் நியமிக்கிற தீர்வு நிபுணர் வந்து உட்காருவார். செக்கில் கையெழுத்து அவருடையது, கம்பெனிக்கு வக்கீல் வைப்பதும் அவரே. நேற்றுவரை கம்பெனிக்காக வாதாடிய நான், அவர் சொல்லாமல் இன்றைக்குக் கம்பெனி பேரில் ஒரு வாக்கியம் பேச முடியாது. இன்னோவென்டிவ் வழக்கில் 2017-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, பழைய டைரக்டர்கள் கம்பெனி பேரில் அப்பீல் போட முடியாது என்று. பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் தன் சொந்தப் பேரில் போடலாம். முதலாளிமார்களுக்கு இது புரிய நாளாகும். "எங்க அப்பா ஆரம்பிச்ச கம்பெனி சார், எனக்கு வக்கீல் இல்லையா?" என்பார்கள். உங்களுக்கு உண்டு. கம்பெனியின் வக்கீல் வேறு ஆள், அவ்வளவுதான். கடன் கொடுத்தவர்களின் குழுக் கூட்டத்தில் இந்தப் பழைய டைரக்டர்கள் உட்காரலாம், கம்பெனியை மீட்க வருகிற திட்டத்தின் நகலைக் கேட்டு வாங்கலாம், ஓட்டுப் போட முடியாது. நூற்றுக்கு 66 பங்கு ஓட்டு விழுந்தால்தான் திட்டம் தேறும். வழக்குக்காலமும் சேர்த்து 330 நாளில் முடிய வேண்டும் என்பது சட்டம். இழுக்கிற வழக்குகளும் ஏராளம்.

முதலாளி கையை விட்டுப் போகாமலே கடனைத் திருத்தி எழுத ஒரு வழி 2021-இல் வந்தது. சிறு, நடுத்தரத் தொழில் கம்பெனிகளுக்கு மட்டும். பத்து லட்சம் தவறினாலே போதும். ஆனால் முதலிலேயே பேங்க்காரர்களிடம் பேசி, 66 பங்கு சம்மதத்தோடு போக வேண்டும். 120 நாளில் முடிக்க வேண்டும். நாட்டில் அதிகம் பேர் இந்தக் கதவைத் தட்டவில்லை. வாணியம்பாடி, ராணிப்பேட்டை டேனரிகளுக்கு இது பொருந்தும் என்பது என் எண்ணம். கடன் முற்றும் முன்னால் வந்தால்.

தொழிலாளிகளுக்கு ஒரு வார்த்தை. கம்பெனி கலைக்கப்பட்டால் 24 மாதக் கூலி பாக்கி, அடமானம் வைத்திருக்கிற பேங்கோடு சம வரிசையில் நிற்கும். பி.எஃப். பணம், விற்றுப் பங்கிடுகிற சொத்தில் சேராது. உரிய படிவத்தில் கேட்க வேண்டும், அதுதான் பலர் செய்வதில்லை.

மனு அனுமதியானதும் கடன் வசூலுக்கு ஒரு நிறுத்தம் வரும் என்று சொல்ல மறந்தேன். அடமானச் சொத்தைக் கைப்பற்ற பேங்க் சர்ஃபேசி சட்ட நோட்டீஸ் ஒட்டி ஃபேக்டரியைப் பூட்ட முடியாது, வழக்குகள் நிற்கும். ஆனால் அந்தக் குடை கம்பெனிக்கு மட்டும். கடனுக்கு ஜாமீன் போட்டவருக்குக் கிடையாது. 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்மானமாகச் சொல்லிவிட்டது.

பாய் அந்த வழக்கு முடிந்த பிறகு ஆற்காடு மக்கன் பேடா டப்பாவோடு வந்தார். பேங்கில் ஒரு கடன் இருக்கிறது, அதற்கும் நோட்டீஸ் வரும்போல என்றார். "ஜாமீன் யார்?" என்று கேட்டேன். "நான்தான். வேற யாரு?" என்றார். ஜாமீன் பத்திர நகல் அவரிடம் இல்லை. கடன் வாங்கிய அன்றைக்கே வாங்கி வைத்திருக்க வேண்டியது. எழுதிக் கேட்டு வாங்கச் சொன்னேன். அடுத்த வாரம் கட்டுக் கட்டாகக் கொண்டு வந்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கையெழுத்து, நடுங்கிய உருது எழுத்தில். அவர் அம்மாவுடையது. வீடு அம்மா பேரில் இருந்தது.

வணக்கம்.