வயல் சேறு பார்த்த டிராக்டர்

நேயர்களுக்கு வணக்கம். குறிஞ்சிப்பாடி பக்கம் ஐந்து ஏக்கர் வைத்துப் பயிர் செய்கிறேன். முதல்முறையாகப் பழைய டிராக்டர் வாங்கப் போகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்: இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.

நான் அப்படித்தான் ஏமாந்தேன். காட்டுமன்னார்கோவில் பக்கத்து வண்டி. புதுப் பெயிண்ட், சீரான சத்தம். இரண்டாவது பட்டத்தில் பின்சக்கரத்துப் பேரிங் நொறுங்கிப்போனது. மெக்கானிக் பின் ஆக்சிலுக்கு அடியில் இருக்கும் வடிகால் நட்டைத் தளர்த்தினார். முதலில் வந்தது ஆயில் இல்லை, தண்ணீர்! அதற்கப்புறம்தான் டீ நிறத்தில் ஆயில் வழிந்தது.

டெல்டா வண்டிகள் வருஷா வருஷம் கேஜ் வீல் (சேற்றில் புதையாமல் இருக்க மாட்டும் இரும்புச் சக்கரம்) போட்டுச் சேறடித்தவை. சக்கர அச்சில் தண்ணீர் புகாமல் தடுக்கும் ஆக்சில் சீல் தேய்ந்ததும் வயல் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். தண்ணீர் ஆயிலுக்கு அடியில் தங்கும். ஆகவே ராத்திரி முழுக்க நின்ற வண்டியை விடியற்காலையில் போய்ப் பாருங்கள். உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு அந்த நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, முதலில் சொட்டுவதை உள்ளங்கையில் பிடியுங்கள். வேண்டாம் என்று மறுத்தால் வேறு வண்டி பார்க்கலாம்.

காலையில் போவதில் இன்னொரு லாபமும் உண்டு. இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் ஆகிற லட்சணம் தெரியும். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை புசுபுசுவென்று வருகிறதா? பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

பிரேக்கையும் விடாதீர்கள். வயலில் திருப்புவதற்கு ஒரு பக்கத்து பிரேக்கையே மிதித்து மிதித்து அது மட்டும் தேய்ந்திருக்கும். இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்துப் பூட்டி, காலி ரோட்டில் மெதுவாக ஓட்டி மிதியுங்கள். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் செலவு இருக்கிறது. மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரை மாட்டித் தூக்கி இன்ஜினை நிறுத்துங்கள். கண்ணெதிரே மளமளவென்று இறங்கினால் அதைத் தூக்கும் ஹைட்ராலிக்கில் கசிவு. நம்மைப் போன்ற சிறு விவசாயிக்கு 35 முதல் 40 ஹெச்.பி. தாராளம்.

சரி, காகிதம். பாகூர்ப் பக்கம் நல்ல வண்டி அகப்படும், ஆனால் அது பி.ஒய். நம்பர், அதாவது புதுச்சேரிப் பதிவு. தமிழ்நாட்டுக்கு மாற்ற, படிவம் 28-இல் புதுச்சேரி போக்குவரத்து அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். ஆர்.சி.யில் கடன் ஏறியிருந்தால், கடன் தீர்ந்துவிட்டது என்று கடன் தந்தவர் கையெழுத்துப் போட்ட படிவம் 35-ஐ வாங்குங்கள். சேஸ் நம்பரில் சேறு அப்பியிருக்கும். ஒரு துணியால் துடைத்து, ஆர்.சி.யில் இருக்கும் எண்ணோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். வணக்கம்.