கரையேறும் லாரி

நேயர்களுக்கு வணக்கம். நம் செட்டிநாட்டு வீடுகளில் நிற்கும் பர்மா தேக்கைப் பார்க்கும்போது அங்கே ஓடும் ஐராவதி ஆறு நினைவுக்கு வராமல் இருக்காது. 1945-இல் ஜப்பானியர்களை விரட்டிக்கொண்டு வந்த பிரிட்டிஷ் இந்தியப் படை அந்த ஆற்றைக் கடந்தபோது கைகொடுத்தவற்றில் ஒன்று நிலத்திலும் நீரிலும் ஓடும் 'டக்' என்ற வண்டி. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இரண்டரை டன் ஏற்றும், அமெரிக்காவின் ஜி.எம்.சி. கம்பெனி ராணுவ லாரிக்குப் படகு உடல் கட்டி, பின்னால் ப்ரொப்பெல்லரும் சுக்கானும் வைத்தார்கள். 1942 முதல் 1945 வரை 21,000-க்கு மேல் செய்தார்கள். ரோட்டில் மணிக்கு 80 கிலோமீட்டர் போகும். தண்ணீரில் பத்துதான்.

மிதக்கும் வரை பிரச்சினை குறைவு. கண்மாயில் இறங்கிய டிராக்டர் கரையோரச் சேற்றில்தானே மாட்டுகிறது? இதுவும் அப்படித்தான். அதனால் கரை நெருங்கும்போதே டயர் காற்றை இறக்க வேண்டும். ரோட்டுக்கு 40 பவுண்டு என்றால், இளகிய மணலுக்குப் பத்துப் பன்னிரண்டு போதும். டயர் அகலமாகப் படிந்து பிடிக்கும். ஓட்டுநர் இருந்த இடத்திலிருந்தே இதைச் செய்யலாம். அந்தக் காலத்தில் பெரிய விஷயம்! ஆறு சக்கரமும் தரையைத் தொடும் முன்பே சுழன்றுகொண்டிருக்க வேண்டும். தொட்ட பிறகும் ப்ரொப்பெல்லரை உடனே நிறுத்தக்கூடாது. ரோடு ஏறியதும் மறுபடி காற்று ஏற்றணும். மறந்தால் டயர் சூடேறிக் கிழியும்.

தண்ணீரில் இறங்கும் முன் வண்டியின் அடியிலுள்ள வடிகால் மூடிகளை எண்ணிப் பார்த்து அடைக்க வேண்டும். ஷாஃப்ட், அதாவது சுழலும் தண்டு, வெளியே வரும் இடங்களில் உள்ள ரப்பர் உறை கிழிந்திருந்தாலும் தண்ணீர் புகும். பெரிய பம்ப் நிமிடத்துக்குச் சுமார் 980 லிட்டர் இறைக்கும். ஆனால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் சுற்றினால்தான் அதுவும் ஓடும். எஞ்சின் நின்றால் இரண்டும் நின்றுவிடும்.

அளவுக்கு மீறி ஏற்றுவதுதான் எல்லாவற்றையும்விட மோசம். 1944 ஜூன் 6 அன்று பிரான்சில் நார்மண்டியின் ஒமாஹா கரைக்கு, அமெரிக்கப் படையினர் 12 பீரங்கிகளை இந்த வண்டிகளில் அனுப்பினார்கள். குண்டுகளும் மணல் மூட்டைகளும் சேர்ந்து வண்டிகள் தாழ்ந்துபோயின. கொந்தளித்த கடலில் அலை உள்ளே புகுந்தது. கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு பீரங்கி.

உப்புத்தண்ணீரில் ஓடி வந்த வண்டியை நல்ல தண்ணீரில் கழுவி, கிரீஸ் அடிக்க வேண்டும். பிரேக் நனைந்திருக்கும். மெதுவாக ஓட்டிக்கொண்டே நாலைந்து தடவை மிதித்துக் காயவிட்ட பிறகே வேகமெடுக்கலாம்.

நன்றி, வணக்கம்.